வேலைக்கே போகாதவருக்கும் பிரிட்டனில் அரசு ஓய்வூதியம் உண்டா?

பிரிட்டனில் வாழ்நாள் முழுவதும் சம்பள வேலைக்குச் செல்லாதவருக்கு அரசு ஓய்வூதியம் கிடையாது என்று பலர் நம்பி, விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள், அது சரியல்ல. 2016 ஏப்ரல் 6 அல்லது அதற்குப் பிறகு ஓய்வூதிய வயதை எட்டுபவரின் நேஷனல் இன்சூரன்ஸ் (அரசின் சமூகக் காப்பீட்டுத் திட்டம்) கணக்கில், ஓய்வூதியத்துக்குக் கணக்கில் எடுக்கப்படும் ‘தகுதி ஆண்டுகள்’ குறைந்தது 10 இருந்தால் போதும். அந்த ஆண்டுகள் சம்பளத்தால் மட்டுமே சேர்வதில்லை.

பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்காக சைல்ட் பெனிபிட் (குழந்தை வளர்ப்புக்கான அரசு உதவித்தொகை) கோரியிருக்கும் பெற்றோருக்கும், வாரத்துக்கு 20 மணி நேரமாவது நோயாளியையோ மாற்றுத்திறனாளியையோ கவனித்துக்கொள்பவருக்கும் உரிய நிபந்தனைகளின்படி வரவு, அதாவது பணம் கட்டாமலே தகுதி ஆண்டுக்குச் சேரும் பதிவு, கிடைக்கிறது. துணைவரின் வருமானம் அதிகம் என்பதால் சைல்ட் பெனிபிட்டுக்கு விண்ணப்பிக்காமலே இருப்பது, வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் தாய்க்குப் பெரிய இழப்பாக முடியலாம். பணம் வேண்டாம் என்று குறிப்பிட்டாவது விண்ணப்பப் படிவத்தை அந்தத் தாயின் பெயரிலேயே கொடுத்துவிடுங்கள். வரவு அவருக்குச் சேரும். பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிகள், ஓய்வூதிய வயதை எட்டாதவர்களாக இருந்தால், வேலைக்குச் செல்லும் பெற்றோரின் வரவைத் தங்கள் பெயருக்கு மாற்றித் தரும்படி விண்ணப்பிக்கலாம். இது பலருக்கும் தெரியாத வசதி.

விடுபட்ட ஆண்டுகளைப் பொதுவாகக் கடந்த 6 ஆண்டுகள் வரை சொந்தப் பணம் கட்டியும் நிரப்பலாம். ஆனால் கட்டுமுன் அரசு இணையதளத்தில் உங்கள் கணக்கைப் பார்த்து, இலவச வரவுக்குத் தகுதி உண்டா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

பத்து ஆண்டுகள் தேறாதவர், ஓய்வூதிய வயதை எட்டியபின் வருமானம் குறைவாக இருந்தால், பென்ஷன் கிரெடிட் எனும் அரசு உதவித்தொகையைக் கோரலாம். அதற்கு நேஷனல் இன்சூரன்ஸ் தகுதி ஆண்டுகள் தேவையில்லை.