உப்பு நீரில் கரன்ட் விட்டால் சோடியம் வராது: மின்னாற்பகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின்சாரம் செலுத்திச் சேர்மத்தைப் பிரிப்பதுதான் மின்னாற்பகுப்பு. உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்தினால் என்ன கிடைக்கும் என்று கேட்டால், சோடியமும் குளோரினும் என்று பதில் வரும். குளோரின் சரி, சோடியம் வராது.

சோடியம் அயனி (மின்சுமையுள்ள அணு) கேத்தோடு, அதாவது மைனஸ் மின்வாய் பக்கம் நகர்வது உண்மைதான். ஆனால் அங்கே தண்ணீரும் இருக்கிறது. எலக்ட்ரானை எவ்வளவு எளிதாக வாங்கிக்கொள்ளும் என்பதைக் காட்டும் நியம ஒடுக்க மின்னழுத்தம் தண்ணீருக்கு -0.83 வோல்ட், சோடியம் அயனிக்கு -2.71 வோல்ட்; எண் எது பெரிதோ அதற்கே முதலிடம். அதனால் எலக்ட்ரானைத் தண்ணீர்தான் வாங்கிக்கொள்ளும், ஹைட்ரஜன் வாயு கிளம்பும், கரைசலில் மிஞ்சுவது சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா. மேட்டூர், சாகுபுரம் ஆலைகளில் உப்பிலிருந்து காஸ்டிக் சோடா எடுப்பது இந்த வினையை வைத்துத்தான். சோடியம் உலோகமே வேண்டுமென்றால் தண்ணீரே இல்லாமல் உப்பை உருக்கி மின்சாரம் செலுத்த வேண்டும்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். உப்பு நீரில் கொஞ்சம் மஞ்சள்தூள் கலந்து, இரண்டு பென்சில் முனைகளை 9 வோல்ட் பேட்டரியோடு இணைத்து, ஒன்றையொன்று தொடாமல் உள்ளே வையுங்கள். மைனஸ் பக்கத்து முனையில் குமிழ்கள் பொங்கும், அதைச் சுற்றி மட்டும் மஞ்சள் நிறம் செம்பழுப்பாக மாறும், அதுதான் அங்கே காரம் (சோடியம் ஹைட்ராக்சைடு) உருவாவதற்கு அடையாளம். பிளஸ் பக்கம் நீச்சல்குள வாசனை வரும், அது குளோரின், அதனால் ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், ஓரிரு நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள்.

பென்சிலுக்குப் பதிலாக ஸ்டீல் ஸ்பூன் வைப்பது அடுத்த தவறு. உப்பு நீரில் ஆனோடாக, அதாவது பிளஸ் பக்கத்து மின்வாயாக வைத்த ஸ்டீலே கரையும், இரும்போடு நிக்கலும் குரோமியமும் கரைசலில் இறங்கும், நச்சுத்தன்மை உள்ள குரோமியச் சேர்மங்கள்கூட உருவாகலாம். மின்வாய் எதனால் ஆனது என்பதைப் பொறுத்து விடையே மாறும். காப்பர் சல்பேட் கரைசலில் தாமிர மின்வாய்கள் வைத்தால் நீல நிறம் அப்படியே நிற்கும், கார்பன் வைத்தால் நிறம் மங்கிக்கொண்டே போகும், ஆனோடில் ஆக்சிஜன் வரும். தேர்வில் மின்வாய் பெயரைக் கவனிக்காமல் எழுதி மதிப்பெண்ணை விடுகிறவர்கள் நிறைய.

பிளக் பாயின்ட்டில் ஒயர் சொருகி இதைச் செய்யவே செய்யாதீர்கள். உயிருக்கு ஆபத்து. அது மாறுதிசை மின்னோட்டம் என்பதால், எது ஆனோடு எது கேத்தோடு என்பதும் நொடிக்கு நூறு முறை மாறிக்கொண்டே இருக்கும்.

ஆனோடு என்றாலே பிளஸ் என்று மனப்பாடம் செய்வதும் வேண்டாம். மின்னாற்பகுப்பில் அது பிளஸ், மின்சாரம் தரும் டேனியல் மின்கலத்தில் (துத்தநாகம், தாமிரம் வைத்துச் செய்யும் பேட்டரி) மைனஸ். ஆக்சிஜனேற்றம் (எலக்ட்ரானை இழப்பது) நடக்கும் இடம் ஆனோடு என்று வைத்துக்கொண்டால் இரண்டிலும் சரியாக வரும். அப்புறம், எலக்ட்ரான்கள் கரைசலுக்குள் நீந்திப் போவதில்லை, அவை ஒயரோடு சரி, கரைசலில் மின்சாரத்தைச் சுமப்பவை அயனிகள்தான்.

கேத்தோடில் எவ்வளவு உலோகம் படியும் என்ற கணக்கில் இரண்டு இடத்தில் சறுக்குகிறோம். ஒன்று, நேரத்தை நொடியாக மாற்றாமல் விடுவது. இன்னொன்று, அயனியின் மின்சுமையால் வகுக்க மறப்பது. 1 ஆம்பியரை 1 மணி நேரம் செலுத்தினால் 3600 கூலும் (மின்சுமையின் அலகு) பாயும், அதை ஒரு மோல் எலக்ட்ரானின் மின்சுமையான 96,500 ஆல் வகுத்து, தாமிரத்தின் அணு நிறை 63.5 ஆல் பெருக்கி, அயனி இரண்டு எலக்ட்ரான் கேட்பதால் 2 ஆல் வகுத்தால் சுமார் 1.18 கிராம். அந்த 2 ஐ விட்டால் 2.37 கிராம் என்று இரட்டிப்பாக வந்து நிற்கும்.