சங்கத்துக்கு யாப்பு எழுதுவது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

இங்கிலாந்திலோ வேல்ஸிலோ பழைய மாணவர் சங்கம், தமிழ்ப் பள்ளி, ஊர் ஒன்றியம் என்று ஏதாவது ஒன்றை சரிட்டியாக (பொதுநலத் தொண்டு அமைப்பாக) பதிய நினைக்கிறீர்கள் என்றால் முதலில் கையில் எடுக்க வேண்டியது யாப்பு, அதாவது சங்கத்தின் அடிப்படை விதிகள். பெரும்பாலும் என்ன நடக்கிறது? வேறொரு சங்கத்தின் யாப்பை வாங்கி, பெயரை மட்டும் மாற்றி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். எல்லோரும் நண்பர்களாக இருக்கும்வரை அதை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. இரண்டு அணியாகப் பிரிந்த பிறகுதான் ஒவ்வொரு வரியையும் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பார்கள். அதனால் சண்டை வரும் நாளை மனதில் வைத்து எழுதுங்கள்.

(ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் சட்டமும் பதிவு அலுவலகமும் வேறு. இங்கே சொல்வது அவர்களுக்குப் பொருந்தாது.)

1. சரியான மாதிரியை எடுங்கள்

சிறிய அமைப்புகளுக்கு இப்போது வசதியான வடிவம் சி.ஐ.ஓ. (Charitable Incorporated Organisation), அதாவது சட்டப்படி தனி உருவம் உள்ள சரிட்டி. கடன், ஒப்பந்தம் எல்லாம் அமைப்பின் பெயரிலேயே இருக்கும். சரிட்டிகளைப் பதிந்து மேற்பார்வையிடும் சரிட்டி கமிஷன் இதற்கு இரண்டு மாதிரி யாப்புகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ‘ஃபவுண்டேஷன்’ மாதிரியில் அறங்காவலர்கள் (சரிட்டியை நிர்வகிக்கும் பொறுப்பாளர்கள்) மட்டும்தான் அங்கத்தவர்கள். ‘அசோசியேஷன்’ மாதிரியில் வாக்குரிமை உள்ள அங்கத்தவர்கள் தனியாக இருப்பார்கள். ஊரெல்லாம் சேர்ந்து நடத்தும் சங்கத்துக்கு இரண்டாவதுதான் சரி. முதலாவதைத் தெரியாமல் எடுத்துவிட்டு, சந்தா கட்டிய இருநூறு பேரிடம் "உங்களுக்கு வாக்கு இல்லை" என்று சொல்லிப் பாருங்கள்!

2. நோக்கத்தை இறுக்கமாக எழுதுங்கள்

2011ஆம் ஆண்டு சரிட்டி சட்டம் கல்வி, வறுமை நீக்கம், சமயம், கலை பண்பாடு என்று 13 வகை நோக்கங்களைச் சொல்கிறது. உங்கள் நோக்கம் அவற்றில் அடங்க வேண்டும், பொதுமக்களுக்குப் பயன் தர வேண்டும். "அங்கத்தவர்களின் நலன் காப்பது" என்று மட்டும் எழுதினால் அது கழகம், சரிட்டி இல்லை.

3. யார் அங்கத்தவர்? இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும்

என் கணக்கில் சங்கத் தகராறுகளின் வேர் பணத்தைவிட அங்கத்தவர் பட்டியலில்தான் அதிகம். தேர்தலுக்கு முதல்நாள் இரவு ஐம்பது பேர் சந்தா கட்டுவார்கள், அவர்களுக்கு வாக்கு உண்டா என்று மறுநாள் மண்டப வாசலில் வாக்குவாதம் நடக்கும். ஆகவே விண்ணப்பம் யாரிடம் கொடுக்க வேண்டும், யார் ஏற்க வேண்டும், கூட்டத்துக்கு எத்தனை நாள் முன்பு சேர்ந்தவருக்கு வாக்கு உண்டு என்பதையெல்லாம் எழுத்தில் வையுங்கள். கடைசியில் சொன்னது மாதிரியில் இருக்காது, நீங்களாகத்தான் சேர்க்க வேண்டும்.

விண்ணப்பத்தை மறுத்தால் 21 நாட்களுக்குள் காரணம் சொல்லி, மேல்முறையீடு செய்யவும் வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது மாதிரி யாப்பு. இருக்கும் அங்கத்தவரை நீக்குவதென்றால் காரணத்தைத் தெரிவித்து, பதில் சொல்ல 21 முழு நாட்கள் தர வேண்டும். கட்ட வேண்டிய சந்தா ஆறு மாதம் நிலுவையில் இருந்தால் அங்கத்துவம் தானாக முடிந்துவிடும். இதை நடைமுறைப்படுத்த வேண்டுமானால் பட்டியல் ஒருவரின் மடிக்கணினியில் மட்டும் கிடக்கக்கூடாது. அங்கத்தவர் பதிவேடும் அறங்காவலர் பதிவேடும் வைத்திருப்பது சட்டப்படி கட்டாயம்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாது. வாக்களிக்கும் அங்கத்தவருக்கும் சட்டம் ஒரு கடமை வைத்திருக்கிறது: சரிட்டியின் நோக்கத்துக்கு எது அதிகம் உதவும் என்று நல்லெண்ணத்தோடு நினைக்கிறாரோ அந்தப் பக்கம்தான் அவர் வாக்களிக்க வேண்டும். சந்தா கட்டியதால் யாரும் பங்குதாரர் ஆகிவிடுவதில்லை.

4. அறங்காவலர்கள்

குறைந்தது மூன்று பேர் வையுங்கள். ஏழோ ஒன்பதோ இருந்தால் வேலை பகிரும், அதற்கு மேல் போனால் கூட்டம் விடியவிடிய நடக்கும். சி.ஐ.ஓ.வில் 16 வயதிலிருந்தே அறங்காவலர் ஆகலாம். திவாலாகி இன்னும் விடுபடாதவர், நேர்மையின்மைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்று அது இன்னும் காலாவதியாகாதவர் போன்றோர் ஆக முடியாது. "நம்ம ஆள்தானே" என்று கேட்காமல் விடாதீர்கள், ஒவ்வொருவரிடமும் எழுத்தில் உறுதிமொழி வாங்குங்கள்.

மாதிரியின்படி முதல் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எல்லா அறங்காவலர்களும் பதவி விலகுவார்கள். அதன்பின் ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்கு. ஒன்பது பேர் என்றால் வருடத்துக்கு மூன்று பேர், அதிக காலம் இருந்தவர்கள் முதலில். ஒரே நாளில் வந்தவர்கள் என்றால் சீட்டுக் குலுக்கல். விலகியவர் மறுபடி நிற்கலாம் என்பதால், இருபது வருடத் தலைவர் பிரச்சினை இதனால் மட்டும் தீராது. தொடர்ச்சியாக இத்தனை வருடம்தான் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

அறங்காவலராக இருப்பதற்காகச் சம்பளம் எடுக்கக்கூடாது, நியாயமான கைச்செலவு வாங்கலாம். அறங்காவலரின் தம்பி கேட்டரிங் நடத்துகிறார், விழாவுக்கு அவரிடமே சாப்பாடு எடுக்கலாமா என்ற பேச்சு வந்தால், முதலில் யாப்பும் சட்டமும் அதற்கு இடம் தருகிறதா என்று பாருங்கள். இடம் இருந்தாலும் சம்பந்தப்பட்ட அறங்காவலர் உறவைச் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போக வேண்டும், அவரை வாக்கிலும் கோரத்திலும் (கூட்டம் செல்லுபடியாக இருக்க வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கையிலும்) சேர்க்கக்கூடாது, அவர் வெளியே போனதைக் கூட்டறிக்கையில் எழுத வேண்டும். மலிவாகத்தானே தருகிறார் என்பது பதில் இல்லை.

5. பொதுக்கூட்டமும் நாள் கணக்கும்

முதல் ஆண்டுப் பொதுக்கூட்டம் பதிவாகி 18 மாதத்துக்குள், அடுத்தடுத்தவை 15 மாத இடைவெளிக்குள். அறிவித்தல் 14 ‘முழு நாட்கள்’. இதில்தான் செயலாளர்கள் தடுக்கி விழுகிறார்கள். அறிவித்தல் கிடைத்த நாளும் கூட்ட நாளும் கணக்கில் வராது. மின்னஞ்சல் அனுப்பினால் 48 மணி நேரம் கழித்தே கிடைத்ததாகக் கொள்ளப்படும். ஆக, கூட்டம் 29ஆம் தேதி என்றால் 15 முதல் 28 வரை பதினான்கு நாள், கிடைத்த நாள் 14, அனுப்ப வேண்டிய கடைசி நாள் 12. பதின்மூன்றாம் தேதி அனுப்பினால் தோற்றவர் ஒருவர் பின்னால் அதைப் பிடித்துக்கொள்வார்.

கோரம் விஷயத்தில் பெருமைக்காகப் "பாதிப்பேர்" என்று எழுதாதீர்கள். மழை பெய்தால் கூட்டமே நடக்காது. மாதிரி சொல்வது 5 சதவீதம் அல்லது மூன்று பேர், எது அதிகமோ அது. எண்பது அங்கத்தவருக்கு நான்கு பேர் மட்டும் என்பது எனக்கே கொஞ்சம் குறைவாகத்தான் படுகிறது, பத்துப் பன்னிரண்டு என்று வைக்கலாம்.

அறங்காவலர்கள் கூட்டமே கூட்டாமல் இழுத்தடித்தால் 10 சதவீத அங்கத்தவர்கள் எழுதிக் கேட்கலாம், 21 நாட்களுக்குள் கூட்ட அழைப்பு விட வேண்டும். அறங்காவலரைப் பொதுக்கூட்டத்தில் நீக்க அளிக்கப்பட்ட வாக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு தேவை. நீக்கப்பட இருப்பவருக்குத் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பும் தர வேண்டும்.

6. மாற்றமும் கலைப்பும்

யாப்பைத் திருத்த 75 சதவீத வாக்கு அல்லது அங்கத்தவர் அனைவரின் எழுத்து ஒப்புதல் வேண்டும். நோக்கம், கலைத்தால் சொத்து எங்கே போகும், அறங்காவலருக்குக் கிடைக்கும் பலன் ஆகிய மூன்றில் எதைத் தொட்டாலும் கமிஷனின் முன் அனுமதியும் வேண்டியிருக்கலாம். தீர்மானம் நிறைவேறி 15 நாட்களுக்குள் திருத்திய பிரதியைக் கமிஷனுக்கு அனுப்புங்கள். கலைத்தால் மிச்சப் பணம் ஒத்த நோக்கமுள்ள சரிட்டிக்குத்தான் போகும், அங்கத்தவர்களுக்குப் பங்கு பிரிக்க முடியாது.

7. அனுப்புங்கள்

விண்ணப்பம் இணையத்தில்தான். மற்ற சரிட்டிகள் ஆண்டு வருமானம் 5,000 பவுண்டைத் தாண்டினால்தான் பொதுவாகப் பதிய வேண்டும், சி.ஐ.ஓ.வுக்கு அப்படி எல்லை கிடையாது. வருமானம் எவ்வளவு குறைந்தாலும் ஆண்டுக் கணக்கையும் நிதியாண்டு முடிந்து 10 மாதத்துக்குள் அனுப்பியாக வேண்டும். அப்புறம், பதிவாகும் நாளில்தான் சி.ஐ.ஓ. உருவாகிறது. அதற்கு முன் மண்டபத்துக்கு முன்பணம் கட்டி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால், அந்தக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டவரே பொறுப்பாக நேரிடலாம். ஆகவே பதிவு எண் வரும்வரை பேனாவை மூடி வையுங்கள்.