பூனைக்கு மீன் வைக்கும் முன்

எங்கள் மணிக்கு மத்தி மீன் என்றால் உயிர். குழம்பு கூட்டும் முன்பே அதன் பங்கைத் தனியாக எடுத்துவிடுவேன். ஒரே ஒரு துண்டு. உப்பு, மிளகாய் எதுவும் இல்லாமல் வெறும் தண்ணீரில் வேகவைத்து, விரலால் தடவித் தடவி முள்ளை எடுத்து, ஆறவைத்துத்தான் கொடுப்பேன்.

குழம்பு மீனைக் கழுவிக் கொடுத்தால் போதும் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். வெங்காயமும் பூண்டும் அதில் ஊறியிருக்கும். அவை பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து, சோகையில் கொண்டுபோய் விடும். சாம்பார் சாதமும் அப்படித்தான்.

பால், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குச் செரிக்காது. சாக்லேட், திராட்சை கிட்டவே வேண்டாம். அப்புறம், மீன் எப்போதாவது தரும் தின்பண்டம்தான். தினசரி வயிற்றுக்குப் பூனை உணவே வேண்டும்.

தவறி வெங்காயம் தின்றுவிட்டால், ஈறு வெளுக்கும்வரை காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.