ஸ்க்லெரோமிக்ஸ்டீமா: ஐவிஐஜி ஏற்றும் நாட்களில்

ஸ்க்லெரோமிக்ஸ்டீமா தோலைத் தடிக்கவைக்கும் ஓர் அரிய நோய். நெற்றி, காதின் பின்புறம், முன்கை என 2, 3 மி.மீ. மெழுகுப் பருக்கள் வரிசை கட்டும். தோல் தடித்து, புருவங்களுக்கு நடுவே ஆழமாக மடிப்பு விழும். தொழுநோய், ஸ்க்லெரோடெர்மா (தோல் இறுகும் வேறொரு நோய்) என்று இதைத் தவறாக எண்ணிவிடுவது எளிது. தைராய்டு சரியாக இருந்து, பயாப்சியில் மியூசின் என்ற பசைப்பொருளின் படிவும் தழும்புத் திசுவும் தெரிந்தால், ரத்தத்தில் ஒற்றைவகைப் புரதம் இருக்கிறதா என்று தேட வேண்டும். மஜ்ஜையின் பிளாஸ்மா செல்கள் சுரக்கும் இது பெரும்பாலும் ஐஜிஜி லாம்ப்டா என்ற ஆன்டிபாடி வகை.

முதல் மருந்து ஐவிஐஜி, அதாவது ரத்தக் கொடையாளர்களிடமிருந்து பிரித்து, ரத்தக் குழாய் வழியே ஏற்றும் ஆன்டிபாடி மருந்து. வழக்கமான அளவு, மாதம் ஒருமுறை கிலோ எடைக்கு 2 கிராம். 60 கிலோ ஆளுக்கு 120 கிராம். 4 நாளாகப் பிரித்தால் தினம் 30 கிராம், 5% கரைசலில் 600 மி.லி.

புரத எலக்ட்ரோபோரெசிஸ் (ரத்தப் புரதங்களைப் பிரித்துக் காட்டும் சோதனை), ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனைகளை முதல் டோஸுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். மருந்தில் பல கொடையாளர்களின் ஆன்டிபாடிகள் கலந்திருப்பதால், பிறகு எடுத்தால் இல்லாத தொற்று இருப்பதாகக் காட்டும். சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் சோதனையும் கட்டாயம், சிறுநீரகம் பலவீனமானால் சுக்ரோஸ் சேர்த்த தயாரிப்பு வேண்டாம்.

குப்பியை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். குலுக்கினால் நுரைத்துவிடும். முதல் அரைமணி மணிக்கு 30 மி.லி. வேகம் போதும், பிறகு உறையில் உள்ள உச்சவரம்பைத் தாண்டாமல் படிப்படியாகக் கூட்டலாம். குளிரோ தலைவலியோ வந்தால் பெரும்பாலும் வேகம்தான் காரணம், குறைத்தால் அடங்கும். கழுத்து விறைப்பு, ஒரு கால் மட்டும் வீக்கம், கருஞ்சிவப்புச் சிறுநீர் என்றால் நிறுத்திவிட்டு டாக்டரை அழையுங்கள்.

பலன் தெரிய சில மாதம் ஆகும். ரத்தப் புரதம் குறையவில்லையே என்று மனம் தளர வேண்டாம். அதன் அளவுக்கும் தோலின் நிலைக்கும் பொருத்தம் இல்லை. வாயை முழுதாகத் திறந்து, மேல், கீழ் முன்பற்களுக்கு இடையிலான தூரத்தை மாதாமாதம் ஸ்கேலால் அளந்து எழுதிவையுங்கள், அதுவே நம்பகமான கணக்கு. தோல் இளகியதும் ஒரேயடியாக நிறுத்தினால் நோய் திரும்பும். இடைவெளியை 6, 8 வாரம் என்று நீட்டிப் பார்ப்பதே வழக்கம்.

போதவில்லை என்றால் தாலிடோமைடு அல்லது லெனாலிடோமைடு, ஸ்டீராய்டு சேர்ப்பார்கள். இவை ரத்த உறைவு அபாயத்தைக் கூட்டும். கர்ப்பத்தில் கூடவே கூடாது. அதற்கும் மசியாவிட்டால் பிளாஸ்மா செல்களை அழிக்கும் போர்டெசோமிப், சொந்த ஸ்டெம் செல் மாற்று.

காய்ச்சலோடு பேச்சு குழறினாலோ, ஆள் தடுமாறினாலோ வைரல் என்று வீட்டில் காத்திருக்காதீர்கள். இந்த நோய் மூளையைத் தாக்கினால் வலிப்பு, கோமா வரை போகும். பழைய ரிப்போர்ட்டுடன் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.