பக்கத்து வீட்டில் அழகர் இறங்கிவிட்டார்: இணைய வானொலி கேட்பவர்கள் செய்யும் தவறுகள்

சித்ரா பௌர்ணமி விடியற்காலை. மூட்டு வலியால் அப்பத்தாவுக்கு வைகைக் கரை வரை போக முடியவில்லை. வில்லாபுரத்து வீட்டுத் திண்ணையில், தண்ணீர்ச் சொம்பின் மேல் கைப்பேசியைச் சாய்த்துவைத்து, அழகர் ஆற்றில் இறங்கும் நேர்முக வர்ணனையை இணையத்தில் போட்டுக்கொடுத்திருந்தேன். கைகூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திடீரென்று சுவருக்கு அந்தப் பக்கத்துப் பழைய டிரான்சிஸ்டரிலிருந்து ‘கோவிந்தா’ முழக்கம் எழுந்தது. எங்கள் கைப்பேசியிலோ, தங்கக் குதிரை இப்போதுதான் கரையை நெருங்குகிறது என்று வர்ணனையாளர் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“பக்கத்து வீட்டில் அழகர் இறங்கிவிட்டார். நம் வீட்டில் மட்டும் ஏன் ராசா கரையிலேயே நிற்கிறார்?” என்றாள் அப்பத்தா.

பதற்றத்தில் நான் செய்த ஒவ்வொன்றும் தவறு. நிறுத்திப் போட்டேன். மறுபடியும் நிறுத்திப் போட்டேன். வைஃபையை அணைத்து டேட்டாவுக்கு மாற்றினேன். கடைசியில் செயலியையே நீக்கிவிட்டுப் புதிதாக இறக்கத் தொடங்கினேன். அது இறங்கி முடிப்பதற்குள் அழகர் ஆற்றுக்குள் இறங்கி, வண்டியூர்ப் பயணத்துக்கே ஆயத்தமாகிவிட்டார். இத்தனைக்கும் எதுவும் பழுதாகியிருக்கவில்லை.

தாமதத்தைப் பழுது என்று நினைத்ததுதான் கோளாறு. பண்பலை அலை ஒளியின் வேகத்தில் வருகிறது. ஒலிபரப்புக் கோபுரம் 30 கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு போதும், வீட்டுக்கு வந்துவிடும். இணையத்தில் வரும் குரலின் பாதை வேறு. அதைச் சுருக்கி, சில நொடி நீளமுள்ள துண்டுகளாக நறுக்கி, ஒரு பட்டியலோடு சேர்த்து சர்வரில் அடுக்குகிறார்கள். நம் கைப்பேசி பட்டியலைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு துண்டாக எடுத்து வருகிறது. பல நிலையங்கள் கையாளும் இந்த முறைக்கு எச்.எல்.எஸ். என்று பெயர், 2009-இல் ஆப்பிள் நிறுவனம் கொண்டுவந்தது. ஒரு துண்டு 6 நொடி இருக்கட்டும் என்பது அந்த நிறுவனத்தின் பரிந்துரை. கேட்கும் கருவி ஆகக் கடைசித் துண்டைப் பிடித்துக்கொண்டு தொடங்கக் கூடாது, மூன்று துண்டு பின்தங்கி நின்றுதான் தொடங்க வேண்டும் என்று 2017-இல் வெளியான அதன் வரையறை சொல்கிறது. ஆறு மூன்று பதினெட்டு. நறுக்கவும், ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு நகல் போகவும் ஆகும் நேரத்தைக் கூட்டினால் அரை நிமிடம் சர்வசாதாரணம்.

இந்தப் பின்தங்கல் வேண்டுமென்றே வைத்தது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தெருக்குழாயில் தண்ணீர் விட்டுவிட்டு வந்தாலும், தொட்டி நிறைந்திருந்தால் குளியலறையில் சீராகக் கொட்டும். உசிலம்பட்டி பஸ்ஸில் செக்கானூரணி தாண்டிப் போகும்போது டவர் மாறி சில நொடி சிக்னல் அறுந்தாலும் காதில் பாட்டு அறுபடாமல் ஓடுகிறதே, அது அந்த அரை நிமிடத் தொட்டியின் புண்ணியம். பக்கத்து வீட்டுக்குப் பின்னால் ஓடுவது நமக்குக் கிடைத்த தண்டனை என்று நினைக்க வேண்டாம். அறுபடாமல் கேட்பதற்குக் கொடுக்கும் விலை அது.

இது புரிந்தால் அடுத்த தவறும் புரியும். பாட்டு திக்கியதும் பொறுமை இழந்து நிறுத்து, போடு, நிறுத்து, போடு என்று விரலால் குத்துவது. ஒவ்வொரு முறையும் தொட்டியின் அடைப்பானைப் பிடுங்கி, சேர்ந்திருந்த கொஞ்ச நீரையும் சாக்கடையில் விடுகிறோம். சக்கரம் சுற்றினால் பத்துப் பதினைந்து நொடி கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். அதற்கும் வரவில்லை என்றால் ஒரே ஒருமுறை முழுதாக நிறுத்திப் போடுங்கள். ‘இடைநிறுத்தம்’ வேறு, ‘நிறுத்தம்’ வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன் வந்தது என்று நேரலையை இடைநிறுத்திவிட்டுத் திரும்பி வந்தால், சில செயலிகள் விட்ட இடத்திலிருந்தே தொடரும். அரை நிமிடத் தாமதம் ஐந்து நிமிடமாகி நாள் முழுக்க அப்படியே கூட வரும். முழுதாக நிறுத்திப் போட்டால்தான் நேரலைக்குத் திரும்பும்.

செய்திக்கு முன் வானொலியில் வரும் ‘பிப் பிப்’ ஒலியைக் கேட்டுச் சுவர்க் கடிகாரத்தைத் திருத்துகிற பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. நல்ல பழக்கம்தான், டிரான்சிஸ்டரில் கேட்டால். இணையத்தில் கேட்டுத் திருத்தினால் வீட்டில் எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் தாமதமாகவே வாழ்வார்கள்.

இப்போது உண்மையான திக்கலுக்கு வருவோம். எங்கள் தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் மாமாவுக்குக் காலை முழுக்க இணைய வானொலி தெளிவாகக் கேட்கும்; இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு வரி பாடி ஒரு வரி விழுங்கும். “ராத்திரியில் நிலையத்தில் பவரைக் குறைத்துவிடுகிறார்கள்” என்பது அவர் முடிவு. சிற்றலைக் காலத்து அறிவு, குறை சொல்ல முடியாது. கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். அன்றைய 1.5 ஜி.பி. டேட்டாவும் தீர்ந்திருந்தது. கல்லாவில் ஆள் வராத மத்தியான நேரத்தில் வீடியோக்களாக ஓடிக் கரைந்திருக்கிறது. தினசரி அளவு தீர்ந்ததும் இணைப்பை அறுக்காமல் வேகத்தை மட்டும் நொடிக்கு 64 கிலோபிட்டாகக் குறைப்பது இங்கே பல டேட்டா திட்டங்களில் உள்ள விதி. அவர் கேட்ட நிலையத்தின் ஒலியோட்டமும் 64 கிலோபிட்தான். சரியாகப் பொருந்துகிறதே என்று தோன்றும். வாசலின் அகலமும் கட்டிலின் அகலமும் ஒன்றாக இருந்தால் கட்டில் உள்ளே போகாது. ஒலியோடு சேர்ந்து முகவரி, தலைப்பு என்று கொசுறுச் சுமையும் வருகிறது. அதற்கு இடம் வேண்டும்.

மாமா உடனே பெரிய திட்டத்துக்கு மாறத் தயாரானார். அது தேவையில்லாத செலவு. கணக்கைப் பாருங்கள்: 64 கிலோபிட் ஓட்டம் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 29 எம்.பி. தின்னும், 128 கிலோபிட் என்றால் 58 எம்.பி. அருகில். 1.5 ஜி.பி.யை வைத்துக்கொண்டு 64 கிலோபிட் வானொலியை ஐம்பது மணி நேரம் கேட்கலாம். நாளுக்கு இருபத்து நாலு மணி நேரம்தான் இருக்கிறது. டேட்டாவைத் தின்பது வானொலி இல்லை. வீடியோவில் தரத்தைக் குறைத்துவைத்தார், அல்லது குறைத்துவைத்ததாகச் சொன்னார். செயலியில் குறைந்த தரம் என்று ஒரு தேர்வு இருந்தால் இரவில் அதைப் போட்டுக்கொள்ளலாம். 32 கிலோபிட்டில் செய்தியும் பட்டிமன்றமும் நன்றாகவே கேட்கும், நாதஸ்வரத்துக்கு மட்டும் கொஞ்சம் அநியாயம்.

சத்தமே வராதபோது பலரும் முதலில் செய்வது, அன்று நான் செய்ததைப் போலச் செயலியை நீக்குவது. அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எங்கே அறுந்திருக்கிறது? அதே செயலியில் வேறு ஒரு நிலையத்தைப் போடுங்கள். அது பாடினால் உங்கள் கைப்பேசியிலும் இணைப்பிலும் குற்றமில்லை. அந்த நிலையத்தின் பக்கம்தான் ஏதோ ஆகியிருக்கிறது, காத்திருப்பதைத் தவிர வழியில்லை. எந்த நிலையமும் பாடவில்லையென்றால் வைஃபையிலிருந்து டேட்டாவுக்கு மாறிப் பாருங்கள். அப்போது பாடினால் குற்றவாளி வைஃபை. இரண்டிலும் இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவரின் கைப்பேசியில் அதே நிலையம் வருகிறதா என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை. நீக்கித் திரும்ப இறக்கினால், தேடித் தேடிச் சேர்த்துவைத்த விருப்ப நிலையங்களின் பட்டியலும் பல நேரம் போய்விடும்.

வைஃபையைப் பற்றி ஒரு வார்த்தை. திரையில் விசிறி முழுதாகத் தெரிகிறது, அப்புறம் ஏன் வரவில்லை என்பார்கள். அந்த விசிறி உங்கள் கைப்பேசிக்கும் ரூட்டருக்கும் உள்ள உறவைத்தான் காட்டுகிறது. ரூட்டருக்கும் வெளியுலகத்துக்கும் பேச்சுவார்த்தை இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. ரூட்டரை இரும்புப் பீரோவுக்குப் பின்னால் ஒளித்துவைப்பதும் நம் ஊரில் அதிகம். சிம்மக்கல் பக்கத்துப் பழைய வீடுகளின் கனத்த சுவர் வெயிலை மட்டுமா தடுக்கிறது?

திரை அணைந்த சில நிமிடத்தில் பாட்டும் நின்றுவிடுகிறதா? அநேகமாகக் கைப்பேசியின் சிக்கனம்தான் காரணம். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், சும்மா கிடக்கும் கைப்பேசி பின்னணியில் ஓடுகிற செயலிகளின் வாயைக் கட்டுகிறது. சில தயாரிப்பாளர்கள் அதற்கு மேலும் தங்கள் கெடுபிடியைச் சேர்த்திருக்கிறார்கள். அமைப்புகளில் அந்த வானொலிச் செயலியைத் திறந்து, பேட்டரி என்ற பகுதியில் அதற்கு மட்டும் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். டேட்டா சேமிப்பு இயங்கினால் அதிலும் விலக்குக் கொடுங்கள். திரை அணையாமல் இருக்கும்படி வைத்துக் கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன்; வானொலி கேட்கக் கைப்பேசியைச் சூடாக்குவது அடுப்பை எரியவிட்டுக் குளிர்காய்வது போன்றது.

பழைய முகவரியைக் கட்டிக்கொண்டு அழுவது இன்னொன்று. யாரோ எப்போதோ அனுப்பிய இணைப்பைச் சேமித்துவைத்து, அது பாடவில்லை என்று நிலையத்தைத் திட்டுவார்கள். நிலையங்கள் சர்வரை மாற்றும், முகவரியும் மாறும். பல நிலையப் பட்டியல்களைக் காலத்துக்கேற்பத் திருத்த ஆளில்லை, பி.பி.சி. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-உடன் நின்றுவிட்டது என்றாலும் அதன் பெயரைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். முன்பு உலாவியில் ஒலியும் படமும் ஓட்டிய ஃபிளாஷ் என்ற மென்பொருள் வேண்டும் என்று கேட்கும் பக்கம் என்றால் அதை விட்டுவிடுங்கள்; 2020-உடன் ஃபிளாஷுக்கு அடோபி விடைகொடுத்துவிட்டது. பூட்டுப் போட்ட (https என்று தொடங்கும்) பாதுகாப்பான பக்கத்துக்குள், பூட்டில்லாத (http என்று மட்டும் தொடங்கும்) பழைய முகவரியிலிருந்து ஒலி வந்தால் சில நேரம் உலாவி அதைச் சத்தமில்லாமல் தடுத்துவிடும். அப்படிப்பட்ட முகவரியை வி.எல்.சி. பிளேயரில் பிணைய ஒலியோட்டத்தைத் திறக்கும் இடத்தில் ஒட்டிப் பாருங்கள். கணினியில் கன்ட்ரோல் (Ctrl) விசையையும் N விசையையும் சேர்த்து அழுத்தினால் அந்தப் பெட்டி வரும். பழைய கைப்பேசி என்றால் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். சார்ஜ் இல்லாமல் கிடந்து எழுந்த கைப்பேசி பல ஆண்டு முந்தைய தேதியில் நின்றால், சர்வர் காட்டும் சான்றிதழ் செல்லாது என்று கதவைச் சாத்திவிடும். நீங்கள் வேறு நாட்டில் இருப்பதுபோல் காட்டக்கூடிய வி.பி.என். ஓடினால் அணைத்துவிடுங்கள், பாட்டு உரிமைக்காகச் சில நிலையங்கள் சில நாடுகளுக்கு மட்டுமே திறந்திருக்கின்றன.

வானொலிச் செயலி உங்கள் தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் கேட்டால் கொடுக்க வேண்டாம். பாடுவதற்கு அவை எதற்கு? ஆகாசவாணிக்கு ‘நியூஸ் ஆன் ஏர்’ என்ற சொந்தச் செயலியே இருக்கிறது. தனியார் பண்பலைகளுக்கும் அவரவர் செயலியோ பக்கமோ இருந்தால் அங்கே போவதே நல்லது.

ஒருமுறை அரை மணி நேரம் எல்லாச் சோதனையும் செய்து களைத்தபின், மாடியிலிருந்து தம்பி வந்து, “என் ஸ்பீக்கரில் யார் விவசாயச் செய்தி போட்டது?” என்று கேட்டான். புளூடூத்தை முதலில் பாருங்கள்.

திருவிழாவன்று வைகைக் கரையிலேயே நின்றுகொண்டு இணையத்தில் வர்ணனை கேட்க முயல்வது வீண்வேலை. அத்தனை லட்சம் பேரின் கைப்பேசிகள் ஒரே டவர்களைப் பிய்த்துக்கொண்டிருக்கும். ஒலியோட்டத்தில் ஒவ்வொரு கேட்பவருக்கும் தனி இணைப்பு வேண்டும். பண்பலைக்குக் கேட்பவர் ஒருவரா லட்சமா என்பதே தெரியாது. கைப்பேசியில் எஃப்.எம். இருந்தால் கம்பி உள்ள இயர்போனைச் செருகுங்கள், அந்தக் கம்பிதான் ஆன்டெனா. மதுரை வானொலி 103.3-இல் வரும். எஃப்.எம். வசதியை முடக்கக் கூடாது என்று கைப்பேசித் தயாரிப்பாளர்களுக்கு 2023 ஏப்ரலில் மத்திய அரசு அறிவுறுத்தியதற்கு, பேரிடர் நேரத்தில் இணையம் படுத்தாலும் அது பேசும் என்பதும் ஒரு காரணம்.

அடுத்த ஆண்டு அப்பத்தாவுக்கு ஒரு சிறு டிரான்சிஸ்டர் வாங்கிக் கொடுத்தேன். இந்த முறை பக்கத்து வீட்டிலும் எங்கள் வீட்டிலும் அழகர் ஒரே நேரத்தில் இறங்கினார். துபாயில் இருக்கும் அண்ணன் அங்கே இணையத்தில் கேட்டபடி போனில் இருந்தான். “இன்னும் இறங்கவில்லையே அப்பத்தா” என்றான்.

“பொறு ராசா, இப்போது உனக்கும் இறங்குவார்” என்றாள்.