கோழி இறகு உதிர்க்கிறதா? முட்டைக்காக அவசரப்படாதீர்கள்

குளிர்காலம் நெருங்கும்போது கொல்லைக் கோழிகள் இறகை உதிர்த்துவிட்டு முட்டையையும் நிறுத்தினால் பயப்பட வேண்டாம். பகல் வெளிச்சம் குறைவதுதான் காரணம். தலை, கழுத்தில் தொடங்கி வால்வரை பழைய இறகு விழுந்து புதிது முளைக்க, பெரும்பாலும் 8 முதல் 12 வாரம் ஆகும். ஒரு வயது நிரம்பாத பெட்டைகள் பலவும் முதல் குளிர்காலத்தில் உதிர்க்காமலே முட்டையிடும்.

இந்தச் சமயத்தில் தீவனம்தான் முக்கியம். இறகில் சுமார் 85 சதவீதம் புரதம். அதனால் 18 முதல் 20 சதவீதம் புரதமுள்ள தீவனம் கொடுங்கள். புழு, கருவாட்டுத் தூள் கொஞ்சம் சேர்க்கலாம். வெறும் தானியத்தை அள்ளிப் போடுவது இப்போது உதவாது, அதில் புரதம் குறைவு. கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டியதை அதுவே கொத்திக்கொள்ளும்.

முளைக்கும் குருத்திறகில் ரத்தம் ஓடும். தொட்டாலே வலிக்கும், பாவம். தூக்குவதைத் தவிருங்கள்.

ஆசனவாயைச் சுற்றி மட்டும் இறகு கொட்டியிருந்தால் பேன் இருக்கிறதா என்று பாருங்கள். ரத்தம் உறிஞ்சும் செவ்வுண்ணி என்ற சிறு ஒட்டுண்ணியும் இருக்கலாம், அது இரவில்தான் வெளிவரும். டார்ச் அடித்து உட்காரும் கட்டையின் இடுக்குகளைத் தேடுங்கள்.

விளக்குப் போட்டு 14 மணி நேர வெளிச்சம் கொடுத்தால் முட்டை வரும்தான். ஆனால் இறகு முழுதும் முளைக்கும்வரை பொறுப்பதே கோழிக்கு நல்லது என்பேன். பிறகு போடுவதானால் விடியற்காலையில் போடுங்கள். மாலையில் விளக்கு சட்டென்று அணைந்தால், கட்டையேற வழி தெரியாமல் இருட்டில் தவிக்கும்.