செடிக்கு நானோ மருந்து, குடிக்க நானோ வடிகட்டி: சிங்கப்பூர் வீட்டில் எப்படிப் பயன்படுத்துவது

எங்கள் புளோக்குக்குக் கீழே உள்ள சமூகத் தோட்டத்துக்கு ஒரு நாள் காலையில் ஓர் அக்கா சின்ன பாட்டிலோடு வந்தார். "தம்பி, இது நானோ வெள்ளியாம். வெண்டைக்கும் அடிக்கலாம், குடிக்கிற தண்ணியிலயும் ரெண்டு சொட்டு விடலாம்னு சொல்லி வித்தாங்க, சரியா?" என்று கேட்டார். வெண்டைக்கு அடிக்கலாம், அதற்கும் கணக்கு இருக்கிறது. தண்ணீரில் விடவே கூடாது என்றேன். அவருக்கு அன்று வரப்பு ஓரம் நின்று சொன்னதைத்தான் இங்கே விவரமாக எழுதுகிறேன்.

நானோ துகள் என்றால் 1 முதல் 100 நானோமீட்டர் வரை உள்ளது. ஒரு தலைமுடியின் தடிமனே சுமார் 80,000 நானோமீட்டர் இருக்கும். ஒரு பொருளை அவ்வளவு பொடியாக்கினால் அதே எடைக்கு மேற்பரப்பு பல மடங்கு கூடிவிடும், அதனால் கொஞ்சம் செம்போ வெள்ளியோ இருந்தாலே நிறைய வேலை செய்யும். நோய்க்கிருமியைக் கொல்லும் அதே வேகம் மண்புழுவையும் மீனையும் தாக்கும் என்பதையும் சேர்த்தே நினைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் செடியில் என்ன நோய் என்று பாருங்கள். நானோ வெள்ளியும் நானோ செம்பும் பூஞ்சை, பாக்டீரியா நோய்களுக்கானவை. மாவுப்பூச்சிக்கும் அசுவினிக்கும் அவற்றை அடிப்பது வீண். அதற்குச் சோப்புத் தண்ணீர் போதும், இல்லாவிட்டால் வேப்பெண்ணெய். கடையில் 'நானோ வேப்பெண்ணெய்' என்று விற்பதை வாங்கினால் தண்ணீரில் கலந்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துளிகள் உண்மையிலேயே நானோ அளவில் இருந்தால் கலவை கிட்டத்தட்டக் கண்ணாடி போல் தெரியும், ஏனென்றால் துளி ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியது. பால் போல வெள்ளையாக இருந்தால் அது சாதாரண எண்ணெய்க் கலவை, அதுவும் வேலை செய்யும், ஆனால் நானோ விலை கொடுக்க வேண்டியதில்லை.

நானோ வெள்ளிக்கும் இப்படி ஒரு சோதனை உண்டு. உருண்டைத் துகள்கள் உள்ள கரைசல் தேநீர் டிக்காஷனில் நிறையத் தண்ணீர் விட்டது போல மஞ்சளாக இருக்கும். நிறமே இல்லாமல் வெறும் தண்ணீர் மாதிரி இருந்தால் அதில் பெரும்பாலும் கரைந்த வெள்ளி அயனிதான் இருக்கும். சாம்பல் நிறமாகி அடியில் வண்டல் படிந்திருந்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன என்று பொருள், அதை அடிக்க வேண்டாம்.

சரி, கலப்பது எப்படி? லேபிளில் பிபிஎம் என்று போட்டிருப்பார்கள், ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராம் என்றால் 1 பிபிஎம். பாட்டிலில் 4000 பிபிஎம் இருக்கிறது, லேபிள் 50 பிபிஎம்மில் அடிக்கச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். 50-ஐ 1000 மில்லியால் பெருக்கி 4000-ஆல் வகுத்தால் லிட்டருக்கு 12.5 மில்லி. தாழ்வாரத்தில் ஆறேழு தொட்டி வைத்திருப்பவருக்கு அரை லிட்டர் தாராளம், ஆக 6 மில்லிக்குக் கொஞ்சம் மேல். ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுங்கள், மூடியால் அளக்காதீர்கள். நான் ஒருமுறை நானோ செம்பை மூடிக் கணக்கில் ஊற்றி இரட்டிப்பாகக் கலந்துவிட்டேன். இரண்டு நாளில் கத்தரி இலைகளின் ஓரமெல்லாம் தீய்ந்த அப்பளம் போலச் சுருண்டது. அதிலிருந்து எந்த மருந்தானாலும் முதலில் ஓர் இலையில் மட்டும் அடித்து இரண்டு நாள் பார்க்கிறேன். வெள்ளியைக் குழாய்த் தண்ணீரில் கலக்காமல் வாலை வடிநீரில் (காய்ச்சி வடித்த தண்ணீரில்) கலப்பது நல்லது, குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரைடும், கிருமி வராமல் இருக்கச் சேர்க்கும் குளோராமினும் வெள்ளியோடு சேர்ந்து அதன் வீரியத்தைக் குறைத்துவிடும். செம்பு மருந்தோடு எலுமிச்சை, வினிகர் எதையும் சேர்க்க வேண்டாம், புளிப்பு செம்பைக் கரைத்து இலையைப் பொசுக்கும்.

செம்பு மருந்து ஏற்கெனவே வந்த நோய்ப் புள்ளியை ஆற்றாது, நோய் வராத இலையைத்தான் காக்கும். அதனால் நோய் பிடித்த இலைகளைக் கிள்ளி எடுத்துவிட்டு, மிச்சத்துக்கு அடியுங்கள், இலையின் அடிப்பக்கமும் நனைய வேண்டும். சிங்கப்பூரில் மத்தியானம் திடீரென்று இடி மழை கொட்டும் என்பதால் வெயில் ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். என்95 முகக்கவசம், கையுறை, கண்ணாடி மூன்றும் போடுங்கள். இந்தத் துகள்களில் நான் அதிகம் பயப்படுவது மூச்சோடு உள்ளே போவதற்குத்தான், அதனால் காய்ந்த நானோ பொடியை வாங்கவே மாட்டேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் பனி போலத் தெளித்தால் பக்கத்து வீட்டுக் குழந்தை மூச்சில் போகும், அங்கே துணியில் நனைத்து இலையைத் துடைத்துவிடுங்கள். தினமும் கிள்ளும் கறிவேப்பிலைக்கும் கீரைக்கும் அடிக்கவே வேண்டாம். காய்களுக்கு லேபிளில் போட்ட நாள் கழியும்வரை பறிக்காதீர்கள்.

இந்தியாவிலிருந்து பெட்டியில் பூச்சிமருந்து கொண்டுவரவும் வேண்டாம், இங்கே அதற்குப் பதிவும் கட்டுப்பாடும் உண்டு. இன்னொன்று, இந்திய உரக் கூட்டுறவு நிறுவனமான இஃப்கோ 2021-இல் கொண்டுவந்த நானோ யூரியா நோய் மருந்து இல்லை, உரம்.

இப்போது கழுவும் வேலை. சிங்கப்பூர் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. கால்வாயில் ஓடும் மழைநீர் 17 நீர்த்தேக்கங்களில் சேர்ந்து, சுத்திகரித்த பிறகு நம் குழாய்க்கே வருகிறது. மரினா நீர்த்தேக்கம் ஒன்றே தீவின் ஆறில் ஒரு பங்கு நிலத்தின் தண்ணீரை வாங்குகிறது. ஸ்பிரேயரைக் கழுவிய தண்ணீரை லொங்காங்கில் (வடிகாலில்) கொட்டினால் அது போகும் இடம் அதுதான். சுத்திகரிப்பு நிலையம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடக் கூடாது, அதற்கு முன்பே அந்தத் தண்ணீரில் மீனும் நீர்ப்பூச்சியும் இருக்கின்றன, செம்பும் வெள்ளியும் அவற்றுக்குக் கடும் விஷம். தேவையான அளவு மட்டும் கலந்து, கழுவிய தண்ணீரையும் அதே பாத்தியின் செடிகள்மேலேயே அடித்துத் தீர்த்துவிடுங்கள். தொட்டியின் அடித்தட்டில் தேங்கவும் விடாதீர்கள், கொசு வந்துவிடும்.

அந்த அக்கா கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். செடிக்கான பாட்டிலைக் குடிநீரில் விடாதீர்கள், 'உடம்புக்கு நல்லது' என்று விற்கும் வெள்ளிக் கரைசலையும் குடிக்காதீர்கள். அது பாதுகாப்பானதாகவோ பலன் தருவதாகவோ ஏற்கப்படவில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1999-இலேயே விதி போட்டது. உடம்பில் வெள்ளி சேரச் சேரத் தோல் நீலம் பாய்ந்துவிடும், அது திரும்புவதில்லை. பொதுப் பயனீட்டுக் கழகம் தரும் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். வெள்ளி கலந்த கரி வடிகட்டி மாட்டியிருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: அதிலுள்ள வெள்ளி பெரும்பாலும் கரியில் கிருமி வளராமல் இருக்கத்தான். கரி குளோராமினை எடுத்துவிடுவதால் வடித்த தண்ணீருக்கு அந்தக் காவலும் போய்விடுகிறது, நாள் கணக்கில் வைக்க வேண்டாம்.

நானோ வடிகட்டிக்கு உண்மையான வேலை இந்தியாவில் உள்ள சொந்த ஊரில்தான். 2009-இல் வந்த டாட்டா ஸ்வச் என்ற வடிகட்டியில் உமிச் சாம்பலில் நானோ வெள்ளியைப் பதித்திருந்தார்கள். சென்னை ஐஐடியில் பேராசிரியர் பிரதீப் குழுவினர் ஆர்செனிக்கை எடுக்க இரும்பு சார்ந்த நானோ பொருளை உருவாக்கினார்கள். ஊரில் அப்பா அம்மாவுக்கு வாங்குவதற்கு முன் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். தண்ணீரில் கரைந்த உப்பின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் கருவி கிருமியையும் காட்டாது, ஆர்செனிக்கையும் தனியாகக் காட்டாது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஃப்ளோரைடு தொல்லை, அதற்கு வெள்ளி ஒன்றும் செய்யாது. ஆர்ஓ (எதிர் சவ்வூடுபரவல்) அல்லது அலுமினா வடிகட்டி வேண்டும். கொதிக்க வைத்தால் தண்ணீர் சுண்டி ஃப்ளோரைடு கூடத்தான் செய்யும். ராமநாதபுரம் மாதிரி உப்புத் தண்ணீரில் குளோரைடு அதிகம் என்பதால் வெள்ளியின் வேகமும் குறையும். கிருமிதான் பிரச்சினை என்றாலும் வெள்ளி மெதுவாகத்தான் கொல்லும், சில ஒட்டுண்ணிகளின் கூடு அதற்கு மசியாது. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் வடித்ததையும் தளதளவென்று கொதிக்க வைத்தே கொடுங்கள். வெள்ளி பூசிய பீங்கான் வடிகட்டியாக இருந்தால் ஓட்டம் குறையும்போது மென்மையான பிரஷ்ஷால் வெறும் தண்ணீரில் தேய்க்கச் சொல்லுங்கள், சோப்பு போடக் கூடாது. கார்ட்ரிட்ஜ் மாற்ற வேண்டிய தேதியை அதன் மேலேயே மார்க்கரில் எழுதி ஒட்டிவிட்டு வாருங்கள்.